நான்கெல்லை இல்லாத கிணறு

ஆறு ஏக்கர் செம்மண் நிலமும், அதன் நட்டநடுவில் ஒரு கல்கட்டுக் கிணறும், ஒருத்தன் மூஞ்சியில் ஒருத்தன் முழிக்காத அண்ணன் தம்பி இரண்டு பேரும் இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் ஆனைப்பாறைப்பட்டியில் நடந்தது. கூடப் பிறந்தவள் ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும், சீட்டெடுக்க ஆள் வேண்டும் என்கிற வரைக்கும், யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அவள் பெயர் ஆவுடைத்தாய். ஐம்பத்து நாலு வயசு. கோட்டைநல்லூர் டவுனில், நாலு வீடு தோளோடு தோள் ஒட்டியிருக்கிற ஒரு காம்பவுண்டில் வாடகைக்கு இருந்துகொண்டு, வீட்டுக்காரர் தறிக்குப் போக, இவள் இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கு விற்றுக் காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறந்த ஊருக்கு பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அண்ணன் குத்தாலம், தம்பி திருமலைக்குமார். அப்பா சொரிமுத்து செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அண்ணன் போன் போட்டுவிட்டான்: "எட்டி ஆவுட, வெள்ளிக்கிழமை வந்துரு. சீட்டெடுக்கணும்."

அந்தப் பக்கம் சொத்துப் பிரிக்கிறதுக்கு ஒரு முறை உண்டு. மூத்தவன் நிலத்தைக் கூறு போடுவான், கூறுகளைத் துண்டுத்தாளில் எழுதிச் சுருட்டிச் செம்பில் போடுவார்கள், பிறந்த வீட்டுப் பெண் கையைவிட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். ஏன் அவள் என்றால், அவள் கைக்கு அதில் பங்கு கிடையாது, பங்கில்லாத கைக்குக் கள்ளமும் கிடையாதாம், அப்படி ஒரு நியாயம்! இந்த நியாயத்தை முதன்முதலில் கண்டுபிடித்த மகராசன் மட்டும் ஆவுடைத்தாய் கண்ணில் பட்டிருந்தால் மாவோடு சேர்த்து கிரைண்டரில் போட்டு அரைத்திருப்பாள். பெண்ணுக்கும் சமபங்கு என்று சட்டம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆனைப்பாறைப்பட்டிக்கு அந்தச் சட்டம் ஒரு கையெழுத்தாக மட்டும்தான் வந்து சேர்ந்திருந்தது. முன்னெல்லாம் பொம்பளையைக் கேட்காமல் பிரித்தார்கள், இப்போது விடுதலைப் பத்திரத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிரிக்கிறார்கள், கையெழுத்துக்கு ஒரு பட்டுச்சேலை.

அவளுக்குச் சேலை வேண்டாம். பங்கு வேண்டும். எந்த மூலையாக இருந்தாலும் சரி, தன் பேரில் ஒரு பட்டா, அவ்வளவுதான். ஆனால் வாய்விட்டுக் கேட்க மாட்டாள், செத்தாலும் மாட்டாள். அவர்கள் கேட்க வேண்டும். இரண்டு பேரில் ஒருத்தனாவது "ஒனக்கு என்ன வேணும்?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அப்பாவை யார் வைத்துக்கொள்வது, யார் முறை என்று அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டதில், கடைசி எட்டு மாசம் சொரிமுத்து படுத்துக் கிடந்ததெல்லாம் இவள் வீட்டு முன்னறையில்தான். டவுன் குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற தண்ணியை அந்த மனுஷன் வாயில் வைத்த மாத்திரத்தில் துப்பிவிடுவார், "இது தண்ணியாட்டி, பாசி" என்பார். அதற்காக ஞாயிறுதோறும் ஊருக்குப் போய், கிணற்றில் ஒரு கேன் மொண்டு, பஸ்ஸில் காலிடுக்கில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள். இதையெல்லாம் சொல்லிக் காட்டிக் கேட்டால் அது பங்கா, கூலியா? அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கிணறு நடுவில் இருந்ததுதான் வம்பு. வேறு குடும்பமாக இருந்தால் ஆளுக்குப் பாதிக் கிணறு, ஒருநாள் விட்டு ஒருநாள் முறைத்தண்ணி என்று எழுதிவிட்டுப் போவார்கள். இவர்களுக்கு அது ஆகாது, தினமும் மூஞ்சியைப் பார்க்கணுமே! ஆக, கிணற்றோடு வடக்குக் கூறு கொஞ்சம் சின்னது, கிணறில்லாத தெற்குக் கூறு கொஞ்சம் பெரிசு என்று குத்தாலம் கோடு போட்டான். ஆவுடைத்தாய் செம்பில் கையைவிட்டு எடுத்தாள். கிணற்றுக்கூறு குத்தாலத்துக்கு வந்தது. திருமலை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. மதினி ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்து பார்த்தால் கிணறு தெற்கே, திருமலையின் வெண்டைக்குள் நின்றது.

இருபதடி வாய், அறுபதடி ஆழம், சுற்றுப்படி, கல்லிடுக்கில் கூடு கட்டியிருந்த புறா, எல்லாம் அப்படியே அலுங்காமல் இடம் மாறியிருந்தது. ஒரு வெண்டைச் செடிகூடச் சாகவில்லை; பஸ்ஸில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்ட மாதிரி எல்லாம் ஒதுங்கி நெருங்கி நின்றன. பழைய இடத்தில் புல் முளைத்திருந்தது, அதில் யாருடைய ஆடோ மேய்ந்துகொண்டிருந்தது. மோட்டார் ரூம் மட்டும் வடக்கிலேயே நின்றுவிட்டது, அதன் உறிஞ்சுகுழாய் மண்ணுக்குள் நட்டுவைத்த கம்பு மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது. குத்தாலம் வந்தான், பார்த்தான், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "களவாணிப்பய, வேலயக் காமிச்சுட்டான் பாத்தியா?" என்று தம்பியை ஏசினான். கிணறு எப்படி நடந்தது என்று அவனும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. பத்திரம் பதியுமுன் கிணறு மாறினால் பழைய சீட்டு செல்லுமா, செல்லாதா என்பதுதான் டீக்கடையில் மூன்று நாள் பேச்சு. செல்லாது என்று முடிவாயிற்று.

"எட்டி ஆவுட, செவ்வாக்கிழமை வந்துரு. மறுபடியும் எடுக்கணும்."

வந்தாள். எடுத்தாள். இந்தத் தடவை கிணற்றுக்கூறு தெற்கு, அது திருமலைக்கு விழுந்தது. அவன் சிரித்த சிரிப்பு ஒரு ராத்திரிதான். விடியக் கிணறு வடக்கே, குத்தாலத்தின் மக்காச்சோளத்துக்குள் போய் நின்றது. மறுபடி போன், மறுபடி பஸ், மறுபடி செம்பு. யாருக்குச் சீட்டு விழுகிறதோ அவனிடம் கிணறு இருக்காது என்று ஊருக்கே புரிந்த பிறகு, அண்ணனும் தம்பியும் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தார்கள், சீட்டு விழாதவனிடம்தானே கிணறு வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, எனக்கு வேண்டாம் உனக்கே இருக்கட்டும் என்று இரண்டு பேருமே சீட்டெழுதினார்கள். அதற்கும் ஆவுடைத்தாய்க்கு ஒருநாள் பஸ். கிணறு அதற்கும் மசியவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல், கிணற்றின் மத்தியில் கயிறு கட்டி ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள். விடிந்தால், கிணறு இரண்டு நிலத்திலும் இல்லை, ஊர்ப் பொதுவான வண்டிப்பாதையின் நடுவில் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. ஒரு மூங்கில் கம்பில் சிவப்புத்துணியைக் கட்டிக் கிணற்று மேட்டில் நட்டார்கள், எங்கே போனாலும் அதுவும் கூடவே போயிற்று. மினிபஸ் டிரைவர் ஒரு வாரம் ரிவர்ஸ் எடுத்தே போனார், பிறகு ஓடைப் பக்கமாகப் புதுப்பாதை போட்டுக்கொண்டார். காலையில் எதிர்ப்பட்டவர்கள் சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்குப் பதிலாக "கெணறு இன்னைக்கு எங்ஙன?" என்று கேட்டார்கள். வி.ஏ.ஓ. அடங்கல் பதிவேட்டில் கிணற்றை மட்டும் பென்சிலால் எழுதினார், பக்கத்தில் ஒரு ரப்பரும் வைத்துக்கொண்டார். லைன்மேன் வந்து, மின்இணைப்பு கிணற்றுக்கா, சர்வே நம்பருக்கா என்று தலையைச் சொறிந்துவிட்டு, கிணறு ஒரு முடிவுக்கு வந்ததும் தகவல் சொல்லச் சொல்லிப் போனார். திருமலை மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண் அமைதியா என்று விசாரித்த கையோடு கிணறு அமைதியா என்றும் விசாரித்தார்கள். கீழத்தெருப் பெண்களுக்குத்தான் கொண்டாட்டம். குத்தாலமானாலும் திருமலையானாலும் இத்தனை காலம் வரப்பில் கால் வைக்க விடாமல் தூரத்திலேயே நிறுத்தித் தண்ணி ஊற்றினவர்கள், இப்போது பாதை பொது, கிணறு பாதையில், யார் என்ன பேச முடியும்? குடம் குடமாக மொண்டார்கள். பாகம் எப்போது முடியும் என்று யாராவது கேட்டால், "ஏன், நல்லாத்தான இருக்கு?" என்றார்கள்.

ஆவுடைத்தாய்க்குத்தான் நல்லா இல்லை. ஒவ்வொரு தடவையும் அரைத்த மாவு புளிக்கும், வாடிக்கை போகும், வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார், அந்த ஒன்றும் சொல்லாதது இன்னும் எரிச்சல். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று ஒத்திகை பார்ப்பாள். முதல் தடவை பதில் பெருந்தன்மையாக இருந்தது. மூன்றாம் தடவை கொஞ்சம் அழுகை கலந்திருந்தது. ஆறாம் தடவை முழுக்க வசவு. எந்தப் பதிலுக்கும் வேலை வரவில்லை. செம்பை நீட்டுவார்கள், எடுப்பாள், சாப்பாடு போடுவார்கள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பார்கள். ஒரு கேன் தண்ணி மட்டும் மொண்டுகொண்டு வருவாள், கேட்க ஆளில்லாத வீட்டுக்கு, பழக்கத்தில்.

ஏழாவது தடவை சீட்டுக்குக் கூப்பிடவில்லை, கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். கிணற்றைப் பாகத்திலேயே சேர்க்காமல் விட்டுவிட்டு நிலத்தை மட்டும் சரிபாதியாகப் பதிந்துவிடலாம், ஆளுக்கொரு போர்வெல் போட்டுக்கொள்ளலாம் என்று அண்ணனும் தம்பியும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒத்துப்போயிருந்தார்கள். பத்திரம் எழுதுகிற நல்லசிவத்தின் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நல்லசிவம் நாற்பது வருஷமாக அந்த வட்டாரத்துக் குடும்பங்களைக் கூறுபோட்டு எழுதிய மனுஷர், எதற்கும் கண் சிமிட்ட மாட்டார்.

"கிணத்த சும்மா விட முடியாதுய்யா," என்றார் அவர். "சொத்துன்னு ஒண்ணு இருந்தா அது யாருக்காவது போகணும். விட்டா நாளைக்கு வில்லங்கம்."

"அந்தச் சனியன எம்பேர்ல எழுதிராதீரும்," என்றான் குத்தாலம். "பாத்துப் பாத்து வயிறெரிஞ்சது போதும்."

"எனக்கும் வேண்டாம், சாமி," என்று கும்பிட்டான் திருமலை. "ஏற்கெனவே கெணறு அமைதியான்னு கேட்டு ஒரு சம்மந்தம் போயிட்டு."

இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கிணற்றை வைதார்கள். அது நிலையில்லாத பாழும் குழி என்றார்கள், தரித்திரம் பிடித்தது என்றார்கள், நன்றிகெட்டது என்றார்கள். நன்றிகெட்டது! ஆவுடைத்தாய் மடியில் அந்தப் பட்டுச்சேலை, பிளாஸ்டிக் பையோடு, ஜரிகை மினுக்கிக்கொண்டு கிடந்தது. அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"வாய மூடுங்கடே!" என்று ஒரு சத்தம் போட்டாள். "ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா எனக்கு எழுதிக் குடுங்க. இந்தச் சேலயக் கொண்டுபோய் ஒங்க பொண்டாட்டிமாருக்குக் குடுங்க."

அண்ணன் தம்பியைப் பார்த்தான், தம்பி அண்ணனைப் பார்த்தான், எத்தனை வருஷத்துக்குப் பிறகு! இரண்டு பேர் முகத்திலும் ஒரே நிம்மதி பரவியது. "நல்லா எடுத்துக்கோ தாயி," என்றான் குத்தாலம், தாராளமாக. "எங்க போனாலும் ஒனக்கே." சேலையைத் திருமலை பத்திரமாகத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டான்.

நல்லசிவத்துக்குத்தான் பேனா நின்றுவிட்டது. எந்தச் சொத்துக்கும் நான்கெல்லை எழுதியாக வேண்டும், இன்னாருக்குக் கிழக்கு, இன்னாருக்கு மேற்கு என்று. இன்றைக்கு வடக்கும் நாளைக்குத் தெற்குமாக அலைகிற சொத்துக்கு எதை எல்லை என்று எழுதுவார்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெற்றிலை போட்டார், துப்பிவிட்டு வந்தார். பிறகு எழுதிக்கொண்டே வாசித்தார்: "மேற்படி கிணறானது எந்த நாளில் எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த நாளில் அந்த இடத்தில் அதைச் சுற்றியுள்ள மண்ணே அதற்கு நான்கு எல்லையாகும், அது மேற்படி ஆவுடைத்தாய்க்கே சர்வ சுதந்திரமாகப் பாத்தியப்பட்டதாகும்." வாசித்துவிட்டு, "நாப்பது வருஷத்துல இப்படி ஒண்ணு எழுதுனதில்ல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், கொஞ்சம் சந்தோஷமாகத்தான்.

நிலத்தில் தனக்குள்ள பாத்தியம் முழுவதையும் விட்டுக்கொடுத்து ஆவுடைத்தாய் கையெழுத்துப் போட்டாள். பஸ் ஏறின பிறகுதான் புத்தியில் உறைத்தது. அட, கூறுகெட்டவளே! வாயைத் திறந்து கேட்டதே ஒரு தடவை, கேட்டது ஒரு குழி! ஆறு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கைக் கையெழுத்தில் கொடுத்துவிட்டு, நிற்கவே இடமில்லாத ஒரு கிணற்றை வாங்கியிருக்கிறாள். ஒன்றேகால் மணி நேரமும் தன்னையே ஏசிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் சில்லறை கேட்டதற்கு அவரையும் ஏசினாள். கோபத்தில் கேனை எடுக்க மறந்து வந்திருந்தாள், அதற்கும் ஒரு தரம் தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடியற்காலையில் பாத்திரம் கழுவக் கதவைத் திறந்தால், காம்பவுண்டின் பின்முற்றத்தில், சிவப்புத்துணிக் கம்போடு, கிணறு நின்றது.

அந்த முற்றம் பத்தடிக்குப் பதினைந்தடி. கிணற்றின் வாயே இருபதடி. இருந்தாலும் கிணறு முழுசாக இருந்தது, முற்றமும் முழுசாக இருந்தது, துவைக்கிற கல், கொடிக்கம்பி, பக்கத்து வீட்டுப் பாப்பாவின் துளசிச்செடி எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. எப்படி என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்து பார்த்து ஆனைப்பாறைப்பட்டி பட்ட பாடு போதாதா? பாப்பா பல் விளக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்து, "அக்கா, ஒரு கொடம் எடுத்துக்கிடட்டா?" என்றாள். ஆவுடைத்தாய் தலையாட்டினாள். எட்டு மணிக்குள் தெருவே குடத்தோடு வரிசையில் நின்றது. வீட்டுக்கார அம்மா வந்து, வாடகை பேசும்போது கிணறு பேச்சில் இல்லை, இருந்தாலும் தனக்குத் தினம் நாலு குடம் என்று ஒப்பந்தம் பேசிவிட்டுப் போனாள். புறாவைக் காம்பவுண்டுப் பூனை ஒரு மணி நேரம் முறைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு தூங்கப் போய்விட்டது. ஆவுடைத்தாய் ஒரு செம்பு மொண்டு குடித்தாள். அதே தண்ணி. முன்னறையில் அப்பா படுத்திருந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், சண்டாளக் கிணறே, அவர் இருக்கும்போதே வந்திருக்கக் கூடாதா என்று அழுதாள்.

அந்த வாரம் முழுக்க அவள் மாவு புளிக்கவில்லை. எட்டாம் நாள் மத்தியானம் வாசலில் அண்ணனும் தம்பியும் நின்றார்கள், ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் வந்திருந்தார்கள். போர் இரண்டும் முந்நூறடியில் புழுதி கக்கியிருந்தது. மக்காச்சோளம் சுருண்டுவிட்டது, வெண்டை படுத்துவிட்டது. கீழத்தெருப் பெண்கள் காலிக் குடத்தோடு வந்து, கிணற்றை எழுதிக் கொடுத்த கை எது, இதுவா அதுவா என்று இரண்டு பேர் வீட்டு முன்னாலும் தினம் கேட்டுவிட்டுப் போகிறார்களாம். ஆவுடைத்தாய் செம்பில் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். குத்தாலம் அண்ணாந்து குடித்தான், பாதியில் நிறுத்தினான், மறுபடி குடித்தான்.

"நம்ம தண்ணி," என்றான்.

"எந்தண்ணி," என்றாள் அவள்.

அவன் செம்பைக் கீழே வைத்தான். வேர்த்திருந்தான், வயசாகியிருந்தான், பொறுமை போயிருந்தது. "எட்டி, ஒனக்கு என்னதாம்ட்டி வேணும்?" என்று கத்தினான்.

அடடா! எத்தனை பஸ், எத்தனை ஒத்திகை, பெருந்தன்மை, அழுகை, வசவு, எல்லாம் வைத்திருந்தாளே, ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"மூணுல ஒண்ணு," என்றாள். "எம்பேர்ல பட்டா."

"நீதான் விடுதல எழுதிக் குடுத்துட்டியேக்கா," என்றான் திருமலை.

"நீங்களுந்தாம்ல கெணத்த எழுதிக் குடுத்துட்டீக."

குத்தாலம் பின்வாசல் வழியாகக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "பங்கு குடுத்தா இது வந்துருமா?" என்றான்.

"அது வருமான்னு எனக்கெப்படித் தெரியும்? நான் வருவேன்."

"சரி, யோசிச்சுச் சொல்லுதோம்."

"யோசிங்க," என்றாள் ஆவுடைத்தாய். "ஐயா எட்டு மாசம் இங்ஙன கெடக்கையில யோசிச்சீகளே, அப்படி யோசிச்சுராதீக."

திருமலை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். குத்தாலம் முற்றத்துக்கு இறங்கி, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டான். அவள் அழுக்குத்துணியை எடுத்துவந்து, அவனை நகரச் சொல்லிவிட்டு வாளியைக் கிணற்றில் இறக்கினாள். அவன் எழுந்து, தம்பியிடம், "தெக்க, பாறைக்கு இங்ஙன, கொய்யா நிக்கில்லா, அதுல ரெண்டு ஏக்கர் ஆவுடைக்கு எழுதிருவோம்," என்றான்.

"அது எம்பங்குல்லா! ஓம் பங்குல குடு."

"எம்பங்குலயா? வடக்க முழுக்கக் கல்லு, ஆவுட கல்லுல என்னத்தல வெதப்பா?"

"அக்கா தெக்குதான் வேணும்னு சொன்னாளா? ஆவுடைக்குன்னு சொல்லிட்டு என் வெண்டையில வந்து கை வைக்கியா?"

கத்தினார்கள். பாப்பா வீட்டுக் கதவு திறந்தது, அடுத்த வீட்டுக் கதவும் திறந்தது, பூனை எழுந்து போயிற்று. ஆவுடைக்கு வடக்கு, ஆவுடைக்குத் தெற்கு, ஆவுடைக்குப் பாதை, ஆவுடைக்கு வரப்பு என்று வாக்குக்கு வாக்கு அவள் பெயர் வந்து விழுந்தது. பிறந்த வீட்டுச் சொத்துச் சண்டையில் தன் பெயரை இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள். பொறுமை கெட்டவள்தான், இந்தச் சண்டையை மட்டும் அவள் விலக்கப் போகவில்லை. வாளியை இழுத்து வைத்துவிட்டு, துணியைக் கல்லில் போட்டு ஓங்கி ஒரு அடி அடித்து, நிறுத்தி, தலையைத் தூக்கினாள்.

"சத்தமாப் பேசுங்கடே," என்றாள். "துவைக்கிற சத்தத்துல கேக்க மாட்டேங்கு."